‘இருண்ட காலம்’ என்றால் இவ்வளவு தங்கம் எப்படி வந்தது? – ஆங்கிலோ-சாக்சன் புதையல்கள்

கேள்வி, 14 ஜனவரி 2024

ரோமானியர்கள் பிரிட்டனை விட்டுப் போனது கி.பி. 410 வாக்கில். நார்மானியர்கள் வந்தது 1066. நடுவில் அறுநூற்றைம்பது வருஷம் என்னதான் நடந்தது? பள்ளிக்கூடத்தில் ‘இருண்ட காலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மரக்குடிசை, சேறு, அடிதடி. கட்டடமும் இல்லை, கலையும் இல்லை. அந்த நடுக்காலத்தில் இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலோ-சாக்சன்களிடம் பெருமையாகக் காட்ட என்ன இருக்கிறது? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

15 ஜனவரி 2024

கட்டடம் இல்லை என்பதில் பாதி உண்மை உண்டு. பெரும்பாலும் மரத்தில் கட்டினார்கள், மரம் மக்கிப்போயிற்று. கலை இல்லை என்பதுதான் உதைக்கிறது.

நான் இருப்பது பர்மிங்காமில். வடக்கே கொஞ்ச தூரத்தில் லிச்ஃபீல்டு என்ற சின்ன நகரம். அதன் பக்கத்தில் ஹாமர்விச் என்ற ஊரில், 2009 ஜூலையில் ஒருவர் மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு உழுத வயலில் நடந்திருக்கிறார். கருவி கத்தியது. தோண்டினால் தங்கம். ஐந்து நாள் தனியாகவே தோண்டிப் பை பையாகச் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்தை வெளியே சொன்னார். தொல்லியல்காரர்கள் வந்து மீதியை எடுத்தார்கள். மொத்தம் 3,500 துண்டு, எல்லாம் தங்கம். 7ஆம் நூற்றாண்டு. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையல் என்று பெயர். 32,85,000 பவுண்டு என்று மதிப்புப் போட்டு, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி கொடுத்தார்கள்.

இதை முதல்முறை பார்க்கப் போனபோது சும்மா மழைக்கு ஒதுங்கிய மாதிரிதான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வாள்பிடியின் உச்சியில் வைக்கும் குமிழ் ஒன்று. என் கட்டைவிரல் முதல் கணு அளவுதான் இருக்கும். அதன்மேல் தங்கக் கம்பியில் பாம்புகள். ஒன்றின் வால் இன்னொன்றின் வாய்க்குள், அதன் உடல் மூன்றாவதின் அடியில். எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் தொடர்ந்து போனால் பாதியில் தொலைந்துவிடும். கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. அதுவும் வழவழப்பான கம்பி இல்லை. மணி கோர்த்த மாதிரி வரி வரியாக இருந்தது.

அப்பா கோவையில் நகைப் பட்டறை வைத்திருந்தார். சின்ன வயதில் ஊதுகுழல் பிடித்திருக்கிறேன். பொடி வைத்து ஊதும்போது ஒரு நொடி தாமதித்தால் கம்பி சுருண்டு உருகிக் குண்டுமணி ஆகிவிடும். அப்படி ஒருமுறை ஒரு ஜிமிக்கியைக் கெடுத்து முதுகில் வாங்கினேன். அந்தக் குமிழில் அப்படிக் கெட்டுப்போன இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கரி உலை, மின்விளக்கு கிடையாது, வெளிச்சம் பஞ்சமான நாடு. யார் செய்தார்களோ அவர்கள் குடிசையில் இருந்திருக்கலாம். கை குடிசைக்கை இல்லை.

15 ஜனவரி 2024, இரவு

திருத்தம். 3,500 என்பது பழைய கணக்கு. சுத்தம் செய்து, பிரித்து, எண்ணி முடித்தபோது 4,600 துண்டு அளவுக்கு வந்துவிட்டது. ‘எல்லாம் தங்கம்’ என்று எழுதியதும் தப்பு. தங்கம் சுமார் 4 கிலோ, வெள்ளி 1.7 கிலோ. நம் கணக்கில் தங்கம் மட்டும் ஐந்நூறு பவுன். (எட்டுக் கிராம் பவுன். இங்கிலாந்துப் பணம் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள்.)

19 ஜனவரி 2024

‘ஒரு புதையலை வைத்து அறுநூறு வருஷத்தை எடைபோடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, சட்டன் ஹூவுக்குப் போவோம்.

சஃபோக் மாவட்டம், டெபன் ஆற்றங்கரை. ஈடித் பிரெட்டி என்ற விதவை. அவர் நிலத்தில் புல் மூடிய மண்மேடுகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. பேசில் பிரவுன் என்ற உள்ளூர்க்காரரை அமர்த்தினார். பெரிய படிப்பெல்லாம் இல்லை, ஆனால் மண்ணைத் தெரிந்தவர். 1938இல் மூன்று மேடுகளைத் திறந்தார். பழைய திருடர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். 1939 மே மாதம் பெரிய மேட்டில் கைவைத்தபோது துருப்பிடித்த இரும்பு ரிவெட் ஆணி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. ஆணிகள் வரிசையாக நின்றன.

அது கப்பல். 27 மீட்டர் நீளம். ஆனால் ஒரு பலகைகூட இல்லை! அமில மண் மரம் முழுவதையும் தின்றுவிட்டது. பலகை இருந்த இடத்தில் மணலில் கறை, ஆணிகள் மட்டும் அப்படியே இருந்த இடத்தில். பிரவுன் ஆணியைப் பிடுங்காமல், கறையைக் கலைக்காமல், மண்ணை மட்டும் துடைத்து எடுத்ததால்தான் முழுக் கப்பலின் வடிவம் கிடைத்தது. கோலத்தை அழிக்காமல் வாசலைப் பெருக்கச் சொன்னால் நாம் எத்தனை பேர் செய்வோம்?

ஜூலையில் கேம்பிரிட்ஜிலிருந்து சார்லஸ் பிலிப்ஸ் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். கப்பல் நடுவில் இருந்த அறையை பிரவுன் திறக்கவில்லை, மற்றவர்கள் திறந்தார்கள். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சரி, அது வேறு கதை.

உள்ளே இருந்தவற்றில் என் மனசில் நிற்பவை: 412.7 கிராம் எடையுள்ள தங்க பெல்ட் பக்கிள், அதாவது ஐம்பத்தொன்றரைப் பவுனில் ஒரே ஒரு பக்கிள். அதன் மேல் 13 உருவங்கள் ஒன்றையொன்று கடித்துப் பின்னிக் கிடக்கின்றன. பைசாண்டியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசு) செய்த 72 செ.மீ. அகல வெள்ளித் தட்டு, பேரரசர் அனஸ்தேசியஸ் காலத்து முத்திரை அடித்தது. பணப்பையில் 37 தங்கக் காசுகள், 37உம் பிராங்க் நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) வெவ்வேறு அக்கசாலைகளில் அடித்தவை. அவற்றோடு முத்திரை அடிக்காத மூன்று வில்லை, இரண்டு சிறு தங்கக் கட்டி. 37உம் 3உம் சேர்ந்தால் 40. நாற்பது துடுப்புக்காரர்களுக்குக் கூலி, கட்டி இரண்டும் சுக்கான்காரர்களுக்கு என்று ஒரு விளக்கம் உண்டு. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம்.

அந்த ஆகஸ்டில் கொரோனர் (புதையல் யாருக்குச் சேரும் என்று விசாரிக்கும் அதிகாரி) விசாரணை நடந்தது. திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தால் அது அரசருக்குப் போகும். செத்தவரோடு புதைத்தால் திரும்ப எடுக்கும் எண்ணம் இல்லை, எனவே நிலத்துக்காரருக்கு. முழுவதும் பிரெட்டி அம்மாளுக்கு என்று தீர்ப்பாயிற்று. அவர் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார். பட்டம் கொடுக்க வந்தார்கள், அதையும் வேண்டாம் என்றார். செப்டம்பரில் போர். பொருட்கள் லண்டன் பாதாள ரயில் சுரங்கத்துக்குள் போயின. தோண்டிய மேட்டின் மேல் ராணுவம் டாங்கி ஓட்டிப் பழகியது.

20 ஜனவரி 2024

விட்டுப்போனது: அந்த ஆகஸ்டில் மெர்சி லாக், பார்பரா வாக்ஸ்டாஃப் என்ற இரண்டு ஆசிரியைகள் விடுமுறையில் வந்து கப்பலின் தடத்தைப் படம் படமாக எடுத்தார்கள். சில வண்ணப் படங்கள், 1939இல்! இன்று நாம் பார்க்கும் கப்பல் பெருமளவு அந்த இருவரின் கேமராவில் மிஞ்சியது.

27 ஜனவரி 2024

‘உடல் இல்லாத கல்லறைதானே, வெறும் நினைவுச்சின்னம்தானே’ என்று ஒருவர். முதலில் தோண்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், எலும்பு ஒரு துண்டுகூட இல்லை என்பதால். பின்னால் மண்ணில் பாஸ்பேட் (எலும்பு கரைந்தால் மண்ணில் மிஞ்சும் உப்பு) அளவைப் பார்த்தபோது, ஓர் உடல் அங்கே கிடந்து கரைந்திருக்க வேண்டும் என்ற பக்கம் கருத்து சாய்ந்தது. பலகையைத் தின்ற மண் எலும்பையும் தின்றிருக்கிறது. தங்கத்தை மட்டும் அதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

யார் அவர்? சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் ரெட்வால்ட் என்பதுதான் பெரும்பாலோர் கணிப்பு. இறந்தது 624-625 வாக்கில். காசுகளின் காலமும் பொருந்துகிறது. 731இல் வரலாறு எழுதி முடித்த பீட் என்ற துறவி இந்த ரெட்வால்டைப் பற்றி எரிச்சலோடு ஒரு செய்தி தருகிறார்: ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவன், ஆனால் ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடம், பழைய தெய்வங்களுக்குப் பலியிட ஒரு சின்னப் பீடம் வைத்திருந்தானாம். பீடுக்கு அது பாவம். எனக்கு அது வீட்டில் தினம் பார்க்கிற காட்சி.

அந்தக் கல்லறையிலும் அதே கதைதான். கப்பலோடு புதைப்பது பழைய வழக்கம். கூடவே சிலுவைக் குறி போட்ட வெள்ளிக் கிண்ணங்கள், கிரேக்கத்தில் பவுலோஸ் என்று ஒன்றிலும் சவுலோஸ் என்று ஒன்றிலும் எழுதிய இரண்டு கரண்டிகள். பைபிளில் சவுல் என்பவர் மனம் மாறிப் பவுலாக ஆன கதை என்று சிலர் நெகிழ்கிறார்கள். எழுத்து வெட்டியவன் முதல் எழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டான் என்று சிலர். கடைப் பெயர்ப்பலகைகள் நிறையப் பார்த்தவன் என்ற முறையில் நான் இரண்டாவது கட்சி.

3 பிப்ரவரி 2024

இதைச் சொல்லத்தான் கை பரபரத்துக்கொண்டிருந்தது. சட்டன் ஹூவிலும் ஸ்டாஃபர்ட்ஷயரிலும் தங்கத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாக இருக்கிறதே, அது கெம்பு இல்லை, மாணிக்கம் இல்லை, கார்னெட். தங்கத் தகட்டைக் குட்டிச்சுவர் மாதிரி நிறுத்தி அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் அளவாகக் கல்லைச் சன்னமாக அறுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். படிக்கட்டு வடிவம், காளான் வடிவமெல்லாம் உண்டு. கல்லில் காளான் அறுத்துப் பாருங்கள், தெரியும்.

கல்லுக்கு அடியில்தான் சூட்சுமம். மெல்லிய தங்கத் தகடு. அதில் ஊசிக்கண் அளவில் சதுரம் சதுரமாக அச்சடித்திருக்கிறார்கள். வெளிச்சம் கல்லுக்குள் போய் அந்தச் சதுரங்களில் பட்டு நாலா பக்கமும் சிதறித் திரும்புகிறது. இல்லாவிட்டால் கார்னெட் உலர்ந்த ரத்தம் மாதிரி கறுத்துக் கிடக்கும். நம் கோயில் நகைகளில் கல்லுக்கு அடியில் தகடு வைப்பது இதே வித்தைதான்.

சட்டன் ஹூ தலைக்கவசத்தில் இரண்டு புருவத்தின் ஓரத்திலும் கார்னெட் வரிசை. ஒரு புருவத்தில் கல்லுக்கடியில் தகடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் இருண்டிருக்கும். ஒற்றைக்கண் தெய்வம் வோடன் மாதிரி தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது என 2014இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வோடன் யார் என்றால், புதன்கிழமையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறோமோ அதில் உட்கார்ந்திருப்பவர்தான். பட்டறை வாசனை உள்ளவனுக்கு உடனே வரும் சந்தேகம்: ரிப்பேருக்கு வந்தபோது தகடு தீர்ந்துபோயிருக்குமோ? ஆனால் அரசன் தலையில் ஏறும் பொருளில் அப்படி விடுவார்களா? இதில் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கற்கள் எங்கிருந்து? கல்லின் வேதிக் கலவையை அளந்து சுரங்கக் கற்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பதில்: இந்தியா, இலங்கை! நம் கல் போய் சாக்சன் அரசன் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இருண்ட காலமாம்.

4 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதற்குக் கீழே ‘அரிக்கமேட்டுக் கல்’, ‘ரத்தினபுரிக் கல்’, ‘சேரன் அனுப்பியது’ என்று பதில்கள் குவிந்துவிட்டன. தீயை மூட்டியவன் நான்தான், நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒன்று, இந்தியா என்றதும் ஆய்வுகளில் ராஜஸ்தான் பக்கமே அதிகம் பேசப்படுகிறது. அரிக்கமேட்டில் கார்னெட் மணி செய்தது உண்மை, அதை வைத்து சஃபோக் வரை கோடு இழுக்க முடியாது. இன்னொன்று, எல்லாக் கல்லும் அங்கிருந்து வந்ததில்லை. 6ஆம் நூற்றாண்டில் வந்த பெரிய, தட்டையாக அறுக்க ஏதுவான அல்மண்டைன் வகைக் கற்கள்தான் இந்தியா, இலங்கை. 7ஆம் நூற்றாண்டு நகர நகரச் சின்னச் சின்ன பைரோப் கற்கள் வருகின்றன, அவை போஹீமியா, அதாவது இன்றைய செக் நாடு. செங்கடல் வழி வணிகம் குலைந்தது காரணம் என்று சொல்வோர் உண்டு. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. அதுகூடப் பழைய நகையிலிருந்து பிடுங்கித் திரும்பப் பதித்ததாக இருக்கலாம். நாம் அட்டிகையை உடைத்து நெக்லஸ் செய்வதில்லையா.

அப்புறம், யாரும் இங்கிருந்து அங்கே ‘அனுப்பவில்லை’. கல் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. கடைசியில் அதைப் பதித்தவனுக்கு நம் ஊர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

11 பிப்ரவரி 2024

பெயர் தெரிந்திருக்காது என்று நான் எழுதியதும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ராஜா மயிலாப்பூருக்குக் காணிக்கை அனுப்பியதாகப் படித்தேனே?

இருநூறு வருஷம் கழித்து நடந்த கதை அது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 883ஆம் ஆண்டின் கீழ், சிகெல்ம், ஏதல்ஸ்தன் என்ற இருவர் ஆல்ஃபிரட் நேர்ந்துகொண்ட காணிக்கையை ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் பர்த்தலோமேயுவுக்கும் கொண்டுபோனதாக இருக்கிறது. பிரதிகளுக்குள் வித்தியாசம் உண்டு. ‘இந்தியா’ என்பதை ‘யூதேயா’ என்று படிக்க இடம் தரும் பிரதியும் இருக்கிறது. மயிலாப்பூர் என்ற பெயர் அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. அதை நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம். போய்த் திரும்பினார்களா, பாதி வழியில் காணிக்கையை வேறு எங்காவது வைத்துவிட்டு வந்தார்களா, தோமையாருக்கே வெளிச்சம்.

ஆல்ஃபிரட் பெயர் வந்ததால் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஆறு சென்டிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. 1693இல் சோமர்செட்டில் கிடைத்தது. தங்கச் சட்டம், ஸ்படிகம், அடியில் எனாமல் உருவம். ஏட்டில் வரி தொட்டுப் படிக்கும் குச்சியின் தலைப்பகுதி என்கிறார்கள். ஓரத்தைச் சுற்றித் தங்கத்திலேயே வெட்டிய எழுத்து: ‘ஆல்ஃபிரட் என்னைச் செய்யச் சொன்னான்.’ பொருளே பேசுகிறது. கல்வெட்டில் ‘இன்னார் செய்வித்தது’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அந்த ‘என்னை’ ஒரு சின்ன அதிர்ச்சி.

2 மார்ச் 2024

திரும்ப ஸ்டாஃபர்ட்ஷயர். இரண்டாவது முறை போனபோது குமிழ்களை விட்டுவிட்டு மடங்கிய சிலுவை முன்னால் நின்றேன். தங்கத் தகட்டுச் சிலுவை, அதன் கைகளை உள்ளே மடக்கிச் சின்னதாக்கியிருக்கிறார்கள், பையில் அடைக்கத் துணி மடிக்கிற மாதிரி. கல்லை நெம்பி எடுத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு தங்கப் பட்டை, அதுவும் பாதியில் மடங்கியது. அதில் லத்தீன் வாசகம், பைபிளில் எண்ணாகமம் 10:35. தமிழ் பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்த வரிதான்: ‘கர்த்தாவே, எழுந்தருளும், உம்முடைய சத்துருக்கள் சிதறடிக்கப்பட்டு…’ எழுத்துப் பிழைகளோடு வெட்டியிருக்கிறார்கள். பட்டையின் மறுபக்கத்திலும் அதே வாசகம், இன்னும் கோணலாக. சத்துருக்கள் ஓட வேண்டும் என்று எழுதி எடுத்துப்போன பட்டையை யாரோ முழங்காலில் வைத்து மடக்கியிருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்கள் தோற்றார்கள், பழைய மதத்தார் கொள்ளையடித்தார்கள் என்று நான் போன வருஷம் வேறு இடத்தில் அடித்துப் பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு தெம்பு இல்லை. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்களாக இருந்தும் அடித்துக்கொண்டார்கள், சிலுவையையும் தங்கமாகத்தான் பார்த்தார்கள் என்றால்?

சுத்தம் செய்த விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பி வேலைக்குள் வயல் மண் இறுகிப் போயிருந்தது. ஊசி வைத்தால் தங்கத்தில் கீறல் விழும். செடியின் முள்ளைப் பிடியில் செருகி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து மண்ணை நெம்பினார்கள். முள் நுனி கூர்மை, ஆனால் தங்கத்தைவிட மெத்து. இத்தனை கருவி இருக்கிற காலத்தில் கடைசியில் முள்தான்.

3 மார்ச் 2024

அப்பாவுக்கு நேற்று எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் பேசினேன். போர், மதம், கொள்ளை என்று பத்து நிமிஷம் நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் கண்ணு, வாளோட இரும்பு எங்கே?” என்றார்.

இல்லை. பிடியின் தங்கமும் வெள்ளியும் மட்டும்தான், இரும்பு வாளே இல்லை என்றேன்.

“அப்ப சாமானைத் தனியாக் கழட்டி, வாளை வேற பிடி போட்டு வச்சுக்கிட்டாங்க. இது உருக்கறதுக்கு வந்த பழைய தங்கம். மடக்கினது கோபத்துல இல்ல, மூசைக்குள்ள அடங்கறதுக்கு.”

இதே கோணத்தை ஆய்வாளர்களும் பேசியிருக்கிறார்கள் என்று பின்னால் தேடிப் பார்த்தேன். அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

இன்னொன்றும் சொன்னார். சில துண்டுகளில் தேய்ந்த இடத்தில் நிறம் வெளிறித் தெரிவதைக் காட்டி, மேலே மாற்று (தங்கத்தின் தரம்) கூட, உள்ளே குறைவு என்றார். அது உண்மை. மேல்பரப்பிலிருந்து வெள்ளியை அரித்து எடுத்துவிட்டு, பார்வைக்கு உயர்ந்த தங்கமாகத் தெரியச் செய்திருக்கிறார்கள் என்று ஆய்வகத்தில் அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் தங்கம் வரத்துக் குறைந்து வெள்ளிக் கலப்பு ஏறிய காலம். ஏமாற்றா, அழகா என்று கேட்டேன். “ரெண்டும்தான்” என்று சிரித்தார். இதற்கு மேல் அவர் பட்டறை ரகசியத்தைப் பொதுவில் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

9 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘நீங்கள் காட்டுவதெல்லாம் ராஜாக்களின் பெட்டகம். சேற்றில் இருந்தவன் எங்கே?’ என்கிறார். குத்து சரியான இடத்தில் விழுந்தது. மூன்று மாதமாகத் தங்கத்தை மட்டுமே பேசியிருக்கிறேன், பரம்பரைப் புத்தி.

தங்கம் இல்லாத கல்லறைகள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டிருக்கின்றன. ஆண் என்றால் ஈட்டிமுனை, கேடயத்தின் நடுக்குமிழ், கத்தி. பெண் என்றால் தோளில் இரண்டு ஊக்கு, நடுவில் தொங்கும் மணிமாலை, அம்பர் மணியும் கண்ணாடி மணியும். இடுப்பில் சாவி வடிவத்தில் வெண்கலத் தொங்கல். எந்தப் பூட்டையும் திறக்காத சாவி, வீடு என் பொறுப்பு என்று காட்ட. இடுப்பில் கொத்துச்சாவி செருகிய அத்தை ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பாள், எனக்கு அவள்தான் ஞாபகம் வந்தாள்.

அதே சாதாரணப் பெண்களின் கல்லறையில் யானைத்தந்த வளையங்கள் கிடைக்கின்றன, துணிப்பையின் வாயை விரித்துப் பிடிக்க. லிங்கன்ஷயரில் ஸ்க்ரெம்பி என்ற இடத்தில் கிடைத்தவற்றைச் சோதித்தபோது ஆப்பிரிக்க யானை என்று தெரிந்தது. வெப்பக் கடல் சோழிகளும் வந்திருக்கின்றன. சேற்றில் இருந்தவள்தான், ஆனால் பையின் வாயில் ஆப்பிரிக்கா.

10 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்தால் ‘சாதாரணப் பெண்கள்’ என்று தாராளமாக அளந்துவிட்டிருக்கிறேன். தந்த வளையம் வைத்திருந்தவள் பரம ஏழை இல்லை. நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாமல் புதைக்கப்பட்டவர்களும் நிறைய, அவர்களைப் பற்றி அருங்காட்சியகத்தில் பெட்டி இருக்காது.

பிரிட்டில்வெல்லையும் விட்டுவிட்டேன். சவுத்எண்ட் பக்கம், 2003இல் சாலை அகலப்படுத்தும் வேலைக்கு முன்னால் தோண்டிப் பார்த்த இடம். ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ரோடு. நடுவில் மரத்தில் கட்டிய கல்லறை அறை. அந்தக் காலத்தில் சுவரில் ஆணி அடித்து மாட்டிய பாத்திரங்களில் சில, மரச்சுவர் மக்கியும், உள்ளே நிரம்பிய மண்ணோடு ஒட்டித் தொங்கிய நிலையிலேயே இருந்தன. உடலில் மிஞ்சியது பல்லின் சிதறல்கள் மட்டும். கண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னத் தங்கத்தகட்டுச் சிலுவைகள். யாழ் ஒன்றும் இருந்தது. மரம் முழுக்க மண்ணில் வெறும் கறை, அதன் இணைப்பில் பதித்த கார்னெட் மட்டும் பளிச்சென்று. அந்தக் கல் இந்தியா அல்லது இலங்கையிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். (பிப்ரவரி 4ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டுக் கொண்டாடவும்.)

26 ஆகஸ்ட் 2024

சஃபோக்கில் வெஸ்ட் ஸ்டோ போய்வந்தேன். 1965 முதல் 1972 வரை தோண்டிய சாக்சன் கிராமம். வீடுகள் இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், மரமும் ஓலைக்கூரை போன்ற புல்கூரையும். உள்ளே நுழைந்ததும் புகை. கண் எரிந்தது. நடுவில் அடுப்பு, புகைபோக்கி இல்லை. கேள்வி கேட்டவரே, சேறு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், அன்று மழை, என் ஷூ போயிற்று.

தரைக்குக் கீழே பள்ளம் எடுத்துக் கட்டிய சின்ன வீடுகளில் தறிக்கல் நிறையக் கிடைத்திருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட சுட்ட களிமண் வளையம். நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கக் கீழே கட்டித் தொங்கவிடுவது. ஒரு மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்க விட்டார்கள். அம்மா வீட்டுப் பக்கம் நெசவு. ஐந்நூறு பவுனைப் பார்த்தபோது வாய் ஓயாமல் பேசினவன், அந்தக் களிமண் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றேன். கனம் அரைப்படிக் கல் அளவு இருக்கும்.

1 ஜூன் 2025

இந்தக் கேள்வி-பதில் இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். சட்டன் ஹூவில் 1986இல் ஒரு டிராக்டர் கிளறிவிட்ட செப்பு வாளித் துண்டுகள் பற்றித் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அந்தியோக்கியா (இன்றைய துருக்கியில்) பக்கம் 6ஆம் நூற்றாண்டில் செய்தது, சுற்றிலும் சிங்க வேட்டைக் காட்சி. இப்படி ஒரு பைசாண்டிய வாளி சஃபோக்கில் எதற்கு, என்ன ஊற்றினார்கள் என்று பல வருஷமாகப் பேச்சு. 2024இல் அதன் அடிப்பாகம் மண்கட்டியோடு கிடைத்தது. இப்போது உள்ளே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்: எரித்த மனித எலும்பு, கூட மிருக எலும்பும். சாம்பல் கலசமாக வைத்திருக்கிறார்கள். மண்டையோட்டுத் துண்டும் கணுக்கால் எலும்பும் அடையாளம் தெரிகிறது.

எலும்போடு ஒரு சீப்பு. மான்கொம்பில் செய்ததாக இருக்கலாம். இரண்டு பக்கமும் பல், ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் நெருக்கம். ஆள் எரிந்திருக்கிறார், சீப்பு எரியவில்லை. எரித்து முடித்த பிறகு யாரோ எடுத்துவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன், இதில் தங்கம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. அவர் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா குரல் பின்னாலிருந்து கேட்டது: “பேன் சீப்புதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு?”